கூடும்

காலை ஏழேகாலுக்கு எலிக்கூடத்தைத் திறக்கிறேன்.
வந்தாறுமூலை வயற்காற்று உள்ளே வந்து
மரத்தூளின் மூத்திர நெடியில் முட்டி நிற்கும்.
வலப்பக்கக் கூடுகளுக்குத் தின்னத் தின்னத் தீன்.
இடப்பக்கத்துக்கு நிறுத்துத்தான்:
இரண்டு தசம் ஏழு கிராம்.
ஒரு துணுக்கு கூடினாலும் கிள்ளி எடுக்க வேண்டும்.

இருபத்தோராம் நாள்
வேர்னியரின் அலகுக்குள் கட்டிகளைப் பிடித்தேன்.
வலப்பக்கம் பன்னிரண்டு மில்லிமீற்றர்.
இடப்பக்கம் ஏழு.
நம்பாமல் திரும்ப அளந்தேன். ஏழு.
பசித்த சுண்டெலி என் கையுறையை முகர்ந்தது,
அதற்குள் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று.

அன்றிரவு செங்கலடி வீட்டில்
தேங்காய் துருவியபடி
வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.
கேட்டுக்கொண்டிருந்தார் கிருபைராசா:
நாலு மாதமாய்க் குடலுக்குள் ஒன்றை வைத்திருக்கும் மனுசன்,
நெல் லொறியைக் கொழும்புக்கு ஓட்டிய காலத்தில்
மன்னம்பிட்டியில் நிறுத்தி
ஒரு சட்டி எருமைத் தயிரைத் தனியாய் முடித்துவிட்டு
சட்டியை என்னிடம் பூ நடக் கொண்டுவந்த மனுசன்.

மறுநாள் ஐந்து இடியப்பத்தில் மூன்று திரும்பி வந்தது.
அடுத்த நாள் நாலு.
திரளிக் குழம்பில் ஆடை கட்டியது.

"பசிக்கல்லியா?"
"பசிக்குதுகா. எனக்குப் பசிச்சா அதுக்கும் பசிக்கும்.
நீதானே சொன்ன."

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
தராசு முள் ஐம்பத்தெட்டிலிருந்து
ஐம்பத்துமூன்றுக்கு வந்திருந்தது.
டொக்டர் மஸாஹிரா கிளினிக் கொப்பியைப் பார்த்தார்,
அவரது தோளெலும்பைப் பார்த்தார்.
"ஆரு சாப்பிட வேணாமெண்டது?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தேன்.

"எலி கொழுத்த எலி, குறைக்க இடமிருக்கு.
இவர்ல எதைக் குறைக்கிற?
நோய் ஏற்கெனவே இவரைத் திண்டுட்டிருக்கு.
ஊசி தாங்க உடம்பு வேணும்.
இன்னும் எத்தனையோ பார்க்கக் கிடக்கு,
அதுவரைக்கும் இவர் தின்னட்டும்."
குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்.
ஏறாவூர் தாண்டியபின் வாய் திறந்தார்.
"தொண்ணூறில, முகாமில,
ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி ரெண்டு நாளைக்கு.
அப்பவும் ஆரும் எங்களை நிறுத்துத்தான் போட்ட.
அந்தக் கணக்கை எந்தக் கொப்பியில எழுதின?"
கண்டக்டர் மிச்சக்காசு தந்தான்.
நான் அதை எண்ணினேன், இரண்டு தரம்.

வெள்ளிக்கிழமை அறிக்கை தட்டச்சு செய்யச் சொன்னார்கள்.
'உணவைக் குறைத்தல் கட்டியின் வளர்ச்சியைத்
தாமதப்படுத்தக் கூடும்.'
அந்தக் கடைசிச் சொல்லில் விரல் நின்றுவிட்டது.
கூடும் என்றால் நடக்கலாம்.
கூடும் என்றால் பெருகும்.
பிரித்துப் படித்தால் வெறும் கம்பிக் கூடும்தான்.
இத்தனை இடம் உள்ள சொல்லை
ஒரு பசித்த மனுசனின் கோப்பையில்
'ஆகும்' என்று பரிமாறியிருக்கிறேன்.

இடப்பக்கத்து எலி இரவு முழுக்கச் சில்லுச் சுற்றுகிறது.
நீண்ட நாள் இருக்கலாம் அது.
சந்தோசமா என்று கேட்க அளவுகோல் இல்லை.
இன்றைக்கு ஒரு துணுக்கு கூடப் போட
மனம் உந்தியது. போடவில்லை.
அங்கே அளவு அளவுதான்.

வீட்டில் அகப்பையால் அள்ளி வைக்கிறேன்.
"எத்தனை கிராம்?" என்கிறார், கேலியாய்.
"தெரியா."
பிட்டு உதிர்கிறது. தயிரை அவரே ஊற்றுகிறார்,
கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம்.
விழுங்க நேரமெடுக்கிறது.
நான் பார்க்காத மாதிரி
சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.